இல்லத்தில் ஒரு குருகுலம்

வேலை, குடும்பம், கல்வி ஆகிய மூன்றையும் ஒருசேரச் சுமப்பவர்களுக்கு வீட்டுப் பெரியவர்கள் எவ்வாறு துணை நிற்கலாம்?

வைகறையில் எழுந்து வாசலில் கோலமிட்டு, சுவாமி விளக்கேற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமனார் மாமியாருக்கு மருந்து எடுத்து வைத்துவிட்டு அலுவலகம் செல்லும் மருமகள், இரவில் அனைவரும் உறங்கிய பின்னர் ஒரு பாடநூலைத் திறக்கிறாள். ஆலையிலோ கடையிலோ பணிபுரியும் மகன், ஞாயிற்றுக்கிழமையில் குடும்பத்தோடு கோயிலுக்கு வராமல் தேர்வுக்குப் படிக்கிறான். தொலைநிலைக் கல்வி பரவிய பின்னர், இத்தகைய காட்சிகள் பல இல்லங்களில் இயல்பாகிவிட்டன.

இதைக் காணும் பெரியவர்களின் உள்ளத்தில் பெருமிதமும் கவலையும் கலந்தே எழுகின்றன. இந்த வயதில் எதற்குப் படிப்பு, குழந்தையைக் கவனிப்பது யார், உடம்பு என்னாவது, விசேஷ நாள்களில்கூட வீடு வீடாக இருக்க வேண்டாமா என்று அவர்கள் கேட்பது பொறாமையினால் அன்று; பாசத்தினால்தான். ஆயினும், படிப்பவரின் செவியில் அது பாசமாக விழுவதில்லை. ஒரு வருஷம் கட்டணம் செலுத்தி, அஞ்சலில் வந்த நூற்கட்டைப் பிரிக்காமலேயே பரண்மேல் ஏற்றிவிட்டவர்கள் பலர். அவர்களுக்குக் குறைந்தது அறிவு அன்று. வீட்டில் தமக்கென்று ஒரு மணி நேரம்.

இல்லறமும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகையா என்னும் இக்கேள்வி புதியதன்று. நம் சாத்திரங்கள் இதனை நெடுங்காலத்துக்கு முன்னரே எடுத்துப் பேசியிருக்கின்றன.

ஐந்து வேள்விகளில் ஒன்று

இல்லறத்தான் நாள்தோறும் இயற்ற வேண்டியவை என ஐந்து பெருவேள்விகளைத் தர்ம சாத்திரங்கள் விதித்துள்ளன. தேவர்களுக்குச் செய்வது தேவ யக்ஞம். முன்னோர்க்குச் செய்வது பித்ரு யக்ஞம். பிற உயிர்களுக்கு உணவளிப்பது பூத யக்ஞம். விருந்தினரைப் போற்றுவது மனுஷ்ய யக்ஞம். இவற்றோடு வைத்து எண்ணப்படுவதுதான் பிரம்ம யக்ஞம். அதாவது, வேதத்தை ஓதுதலும் ஓதுவித்தலும். காக்கைக்குச் சோறிடுவதும், திதி கொடுப்பதும், அதிதிக்கு இலை போடுவதும் எவ்வாறு அன்றாடக் கடமைகளோ, அவ்வாறே கற்பதும் இல்லறத்தாருக்கு அன்றாடக் கடமை என்பது இதன் கருத்து. கல்வி மாணவப் பருவத்தோடு முடிந்துபோவதென்று அவர்கள் கருதியிருந்தால், அதனை இல்லறத்தானின் அன்றாடப் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லி இதனை மேலும் நுட்பமாக உணர்த்துகிறது. சத்தியம், தவம், புலனடக்கம், வேள்வித் தீயைப் பேணுதல், விருந்தோம்பல், உலகியல் கடமைகள், மக்கட்பேறு என ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும் அம்மறை, ஒவ்வொன்றின் பின்னரும் ஓதுதலையும் ஓதுவித்தலையும் தவறாமல் இணைத்துச் சொல்கிறது. விருந்தினர் வந்தார் என்பதற்காகக் கல்வியை விடலாகாது. கல்வியை முன்னிட்டு விருந்தினரைப் புறக்கணிக்கவும் ஆகாது. இரண்டும் உடன் நடக்க வேண்டியவை.

அதே வல்லியில், குருகுலவாசம் முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் கூறும் அறிவுரை இடம்பெறுகிறது. தாய், தந்தை, ஆசான், விருந்தினர் ஆகியோரைத் தெய்வமாகக் கொள்ளுமாறு பணிக்கும் அந்தப் புகழ்பெற்ற உபதேசத்திலேயே, கற்பதில் ஒருபோதும் தவறிவிடாதே என்னும் கட்டளையும் இருக்கிறது. பெற்றோரைப் பேணுதலும் படிப்பைத் தொடர்தலும் ஒரே குருவின் வாயிலிருந்து, ஒரே நாளில், ஒரே மாணவனுக்குச் சொல்லப்பட்டவை.

கௌசிகன் கற்ற பாடம்

மகாபாரதத்தின் வன பர்வத்தில் மார்க்கண்டேய முனிவர் தருமபுத்திரருக்கு உரைத்த கதை ஒன்று உண்டு. கௌசிகன் என்னும் அந்தணன் மரத்தடியில் அமர்ந்து வேதம் ஓதிக்கொண்டிருந்தான். மேலே இருந்த கொக்கு ஒன்று அவன்மீது எச்சமிட்டது. அவன் சினந்து நோக்க, அது உயிரிழந்து வீழ்ந்தது. அந்தத் தவ வலிமையோடு அவன் ஓர் இல்லத்தின் வாயிலில் நின்று பிட்சை கேட்டான். அவ்வேளையில் பசியோடு வீடு திரும்பிய கணவனுக்கு உணவு பரிமாறிவிட்டு, அதன் பின்னரே பிட்சையுடன் வந்தாள் அவ்வில்லத்தரசி. கௌசிகன் சினந்தான். அவளோ, தான் கொக்கு அல்ல என்று அமைதியாகச் சொன்னாள். தமிழ்நாட்டில் வாசுகியார் பெயரோடும் கொங்கணவர் பெயரோடும் வழங்கும் செவிவழிக் கதையும் இதே சாயலை உடையது என்பதைப் பெரியவர்கள் அறிவர்.

காட்டில் நடந்தது வீட்டில் இருப்பவளுக்கு எவ்வாறு தெரிந்தது என்று திகைத்த கௌசிகனை, அவள் மிதிலைக்கு அனுப்பினாள். அங்கே இறைச்சிக் கடையில் அமர்ந்து தன் குலத்தொழிலைச் செய்துகொண்டிருந்த தர்மவியாதன், அவனைத் தன் இல்லத்துக்கு அழைத்துச் சென்று தர்மத்தின் நுட்பங்களை எல்லாம் விளக்கினான். பின்னர்த் தன் முதிய தாய் தந்தையரைக் காட்டி, இவர்களே தான் வழிபடும் தெய்வங்கள் என்றான். இறுதியில் அவன் சொன்னதுதான் கதையின் உயிர்நாடி. பெற்றோரின் அனுமதி பெறாமல் வேதம் கற்கப் புறப்பட்டு வந்துவிட்டாய். உன் பிரிவுத் துயரால் அவர்கள் பார்வையை இழந்து வாடுகிறார்கள். திரும்பிச் சென்று அவர்களைப் பேணு என்று அவன் கௌசிகனை வழியனுப்பினான்.

இக்கதையைக் கேட்பவர்கள், பெற்றோரை விட்டுவிட்டுப் படிக்கலாகாது என்னும் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதுண்டு. மறுபாதியும் கவனிக்கத் தக்கது. கௌசிகனுக்கு ஞானம் புகட்டிய இருவருமே இல்லறத்தார். ஒருத்தி அடுக்களையில் இருந்தவள். மற்றொருவன் கடையில் இருந்தவன். அவர்கள் வீட்டையும் தொழிலையும் துறந்து கற்றவர்கள் அல்லர். அவற்றின் நடுவிலேயே அறிவு பெற்றவர்கள். கௌசிகன் செய்த தவறு படித்தது அன்று, சொல்லாமல் சென்றது. வீட்டாரின் மனம் அறிந்து, அவர்களின் ஆசியோடு கற்கும் கல்விக்கு இக்கதையில் எந்தத் தடையும் இல்லை.

ஆகவே, படிக்க விரும்பும் மகனோ மருமகளோ செய்ய வேண்டிய முதல் காரியம், விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்னரே பெரியவர்களிடம் அமர்ந்து பேசுவது. எத்தனை ஆண்டுப் படிப்பு, கட்டணம் எவ்வளவு, நாள்தோறும் எத்தனை மணி நேரம் வேண்டும், தேர்வு எந்த மாதம் என்பனவற்றை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு பெரியவர்களிடமிருந்து ஆசி வருகிறது. ஆசி வந்த இடத்தில் ஒத்தாசையும் வரும்.

பணியோடு கற்ற பெருமக்கள்

தமிழுலகம் இதற்குச் சான்றுகளை உடையது. உ.வே. சாமிநாதையர் 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே, அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சந்தித்துப் பழந்தமிழ் நூல்களைப் பற்றி வினவினார். நீதிமன்றப் பணியில் இருந்த ஒருவரும், கல்லூரிப் பணியில் இருந்த ஒருவரும் தத்தம் கடமைகளுக்கு இடையே சேர்ந்து படிக்கத் தொடங்கிய நூல்தான் சீவக சிந்தாமணி. கல்லூரி வேலையையும் குடும்பத்தையும் விடாமல், சுவடிகளை ஒப்பிட்டும் ஐயங்களைக் களைந்தும் ஐயரவர்கள் உழைத்து, 1887-இல் அந்நூலைப் பதிப்பித்தார். இடையில் கழிந்தவை ஏழு ஆண்டுகள். பொறுமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மு. வரதராசனார் இளமையில் திருப்பத்தூர் வட்ட அலுவலகத்தில் எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கியவர். உடல்நலக் குறைவால் அவ்வேலையை விட்ட பின்னர், தமிழைத் தனியே பயின்று, 1935-இல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதலிடம் பெற்றார். அதற்காகத் திருப்பனந்தாள் காசி மடம் அவருக்கு ஆயிரம் ரூபாய் பரிசு வழங்கியது. சமய நிறுவனங்கள் கல்வியை எவ்வாறு தாங்கி நின்றன என்பதற்கு இது ஒரு சான்று. பின்னர்ப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே 1939-இல் பி.ஓ.எல். பட்டமும், கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டே 1944-இல் எம்.ஓ.எல். பட்டமும், 1948-இல் முனைவர் பட்டமும் பெற்றார். அவர் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனது 1971-ஆம் ஆண்டு. அப்பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

சமயப் பெரியோரிலும் இல்லறத்தில் இருந்தே கல்விக் கடல் கடந்தவர் உண்டு. சுவாமி தேசிகன் துறவு மேற்கொள்ளாமல், உஞ்சவிருத்தியால் வாழ்ந்த இல்லறத்தார். மணிப்பிரவாளத்திலும் வடமொழியிலும் தமிழிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை அவர் அருளினார். திருவஹீந்திரபுரத்தில் அவருக்கு அருள்புரிந்த ஹயக்ரீவப் பெருமானை வேண்டிக்கொண்டு, இன்றும் தேர்வெழுதுவோர் அத்திருத்தலத்துக்குச் செல்கின்றனர்.

அஞ்சலில் வந்த கல்வி

கல்லூரி வாசலை மிதிக்க இயலாதவர்களின் வீட்டுக்கே பாடங்களை அனுப்பி வைக்கும் முறையை, இந்தியாவில் 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கி வைத்தது. தமிழ்நாட்டில் மதுரையைத் தொடர்ந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் இத்துறையில் இறங்கின. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டன. இன்று ஓய்வு பெற்றிருக்கும் ஆசிரியர்களிலும் அரசு ஊழியர்களிலும் பலர், அந்நாளில் அஞ்சல்வழியே பட்டம் பெற்றுப் பதவி உயர்வு அடைந்தவர்கள். எனவே, இது இளைய தலைமுறையின் புதுப் பழக்கம் என்று எண்ண வேண்டியதில்லை.

அஞ்சல்வழிப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா என்னும் ஐயம் பலருக்கும் எழுகிறது. உரிய அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையில் பெறும் பட்டம், கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவுபடுத்தியுள்ளது. ஆனால், சேர்வதற்கு முன்னர் அந்நிறுவனத்துக்கும் அப்படிப்புக்கும் அவ்வாண்டுக்குரிய அங்கீகாரம் இருக்கிறதா என்று மானியக் குழுவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது கட்டாயம். பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்குத் தொலைநிலையில் அனுமதி இல்லை. அவற்றைத் தருவதாகக் கூறும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டிவிடக் கூடாது.

நான்கு நாழிகைக் கணக்கு

தொலைநிலைப் படிப்பை இடையில் விட்டுவிடுவோர் பலரும் செய்யும் பிழை, நேரத்தைக் கணக்கிடாமல் சேர்வதுதான். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கிரெடிட் என்னும் அலகு ஒன்றுக்கு 30 மணி நேர உழைப்பு என்று வகுத்திருக்கிறார்கள். நூலைப் படித்தல், அசைன்மென்ட் எனப்படும் ஒப்படைப்புகளை எழுதுதல் முதலிய யாவும் அதில் அடங்கும். 64 கிரெடிட் கொண்ட ஒரு முதுகலைப் படிப்பு என்றால், மொத்தம் 1,920 மணி நேரம் ஆகிறது.

அதனை இரண்டே ஆண்டுகளில் முடிக்க வேண்டுமெனில், மாதத்துக்கு 80 மணி நேரம். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 மணி 40 நிமிடம். அலுவலகமும் குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டில் இது கடினமே. ஆனால், முதுகலைப் படிப்பை முடிக்கப் பொதுவாக 4 ஆண்டுகள் வரை அவகாசம் தரப்படுகிறது. அந்த நான்கு ஆண்டுகளையும் பயன்படுத்திக்கொண்டால், மாதத்துக்கு 40 மணி நேரம் போதும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று வைத்துக்கொண்டு 26 நாள்கள் படித்தாலும், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மணி 32 நிமிடமே ஆகிறது.

ஒரு முகூர்த்தம் என்பது 48 நிமிடம். இரண்டு முகூர்த்தம், அதாவது நான்கு நாழிகை, 96 நிமிடம். பிரம்ம முகூர்த்தத்தின் தொடக்கத்திலிருந்து சூரிய உதயம் வரை உள்ள நேரமும் இதுவே. நாளின் அந்தத் தூய பொழுதைக் கல்விக்கு ஒதுக்கி வைப்பவருக்கு நான்கு ஆண்டுக் கணக்கு சரியாகப் பொருந்திவிடுகிறது. இரவில் கண் விழித்து, தூக்கத்தோடு போராடிப் படிக்கும் மூன்று மணியைவிட, விடியலில் தெளிந்த மனத்தோடு படிக்கும் ஒன்றரை மணி மேலானது. அதற்கு இரவில் நேரத்தோடு உறங்க வேண்டும். வீட்டில் தொலைக்காட்சி ஒன்பதரை மணிக்கு ஓய்வெடுத்தால்தான் அது கைகூடும்.

நாள்தோறும் சிறிது சிறிதாகப் படித்து முடிக்கும் இந்நெறி பெரியவர்களுக்குப் புதிதன்று. இருபத்து நாலாயிரம் சுலோகங்கள் கொண்ட வால்மீகி ராமாயணத்தை அன்றாடம் இத்தனை சர்க்கம் என்று வகுத்துக்கொண்டு பாராயணம் செய்து, பட்டாபிஷேகம் வரை கொண்டு சேர்த்தவர்கள் அவர்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் சேர்த்துப் படிப்பதும், அதற்காக மனம் தளர்ந்து நூலை மூடிவிடாதிருப்பதும் அவர்களுக்குக் கைவந்தவை. இந்த அனுபவத்தை மருமகளுக்குச் சொல்லிக் கொடுக்க, மாமியாரைக் காட்டிலும் தகுந்த ஆசிரியர் யார்?

ஓய்வுக்கும் மரபில் இடம் உண்டு. அமாவாசை, பௌர்ணமி, இரு பட்சங்களிலும் வரும் பிரதமை, அஷ்டமி, சதுர்த்தசி ஆகிய நாள்களில் வேத பாடம் சொல்வதில்லை. மாதத்தில் எட்டு நாள்கள் விடுமுறை. சீதாபிராட்டியின் மெலிவைக் குறிக்கும்போது, பிரதமையில் பாடம் படிப்பவனின் கல்வி தேய்வதைச் சுந்தர காண்டம் உவமையாகக் காட்டுவதைக் கதை கேட்டவர்கள் அறிவர். ஓய்வின்றிப் படிப்பது படிப்புக்கே கேடு என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள். ஆகவே, வாரத்தில் ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டுக் குடும்பத்தோடு கோயிலுக்குச் செல்வது, படிப்புக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

மார்கழியும் தேர்வும்

நடைமுறையில் மனத்தாங்கல் எழுவது பெரும்பாலும் பண்டிகைக் காலத்தில்தான். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பருவத் தேர்வுகள் ஜூன், டிசம்பர் மாதங்களில் நடைபெறுகின்றன. டிசம்பர் என்பது கார்த்திகையின் பிற்பகுதியும் மார்கழியின் முற்பகுதியும் ஆகும். திருக்கார்த்திகை விளக்குகளும், ஐயப்ப பக்தர்களின் விரதமும், விடியற்காலைத் திருப்பாவை திருவெம்பாவைப் பாராயணமும், வெண்பொங்கல் நைவேத்தியமும் நிறைந்த காலம். ஜூன் மாதமோ வைகாசி ஆனி முகூர்த்தங்களின் காலம். பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும் காலமும் அதுவே. வீட்டில் வேலை மிகுந்திருக்கும் நாள்களிலேயே தேர்வும் வந்து நிற்கிறது.

இதனைத் தேர்வு நெருங்கிய பின்னர்ப் பேசினால் மனக்கசப்பே மிஞ்சும். புதுப் பஞ்சாங்கமும் நாள்காட்டியும் வீட்டுக்கு வந்தவுடன், முகூர்த்த நாள்களையும் திதி நாள்களையும் குறித்துக்கொள்வதுபோல், ஒப்படைப்புகளை அனுப்ப வேண்டிய கடைசி நாளையும் தேர்வு மாதத்தையும் குறித்து வைத்துவிட வேண்டும். அந்த ஒரு மார்கழியில் பெரிய கோலத்துக்குப் பதிலாகச் சிறிய கோலம் போதும். நைவேத்தியம் கற்கண்டாகவும் பழமாகவும் இருக்கலாம். ஒரு பத்திரமும் ஒரு மலரும் ஒரு பழமும் சிறிது நீருமே பக்தியோடு அளித்தால் ஏற்பதாகக் கண்ணபிரான் கீதையில் சொல்லியிருக்கிறான். அதே சமயம், பெற்றோரின் சிராத்தம் போன்ற விடலாகாத கடமைகள் உள்ள நாளில் தேர்வு வருமாயின், அத்தாளை அடுத்த பருவத்துக்கு ஒத்திவைக்கத் திறந்தநிலைக் கல்வியில் வழி இருக்கிறது. எதை ஒத்திவைக்கலாம், எதை ஒத்திவைக்கக் கூடாது என்று பிரித்தறிவதே இல்லறத்தின் விவேகம்.

இறுதி மதிப்பெண்ணில் பெரும்பான்மைப் படிப்புகளுக்கு ஒப்படைப்புக்கு 30 விழுக்காடும், எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடும் உண்டு. ஒப்படைப்புகளைப் பண்டிகை இல்லாத மாதங்களில் எழுதி முடித்துவிட்டால், தேர்வு மாதத்தின் பாரம் பெரிதும் குறைந்துவிடும்.

பெரியவர்கள் ஏற்கும் பங்கு

யாகசாலையில் வேள்வி செய்பவர் ஒருவர். அது விக்கினமின்றி நடைபெறக் காவல் நிற்பவர் மற்றொருவர். விசுவாமித்திரரின் வேள்வியைக் காத்து நின்ற ராம லட்சுமணர்கள் வேள்வித் தீயில் நெய் சொரியவில்லை. ஆயினும், வேள்வி நிறைவேறியது அவர்களால்தான். வீட்டில் ஒருவர் படிக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குக் காவல் நிற்பது பெரியவர்களால் மட்டுமே இயலும் கைங்கரியம்.

அந்த வேளையில் வாயில் மணி ஒலித்தால் தாமே சென்று திறப்பது, தொலைபேசியில் அழைக்கும் உறவினரிடம் பிறகு பேசச் சொல்வது, வானொலியின் ஒலியைக் குறைப்பது, பேரக் குழந்தையை அருகில் அமர்த்திப் பிரகலாதன் கதையோ துருவன் கதையோ சொல்வது ஆகிய யாவும் அந்தக் காவலில் அடங்கும். கதை கேட்கும் குழந்தைக்கும் அது கல்வியே. தாய் தன் நூலைப் படிக்கும் காட்சியை அன்றாடம் காணும் குழந்தை, படி என்று சொல்லாமலேயே தன் புத்தகத்தை எடுத்துக்கொள்ளும்.

இன்னும் ஒரு பெரிய உதவியும் உண்டு. தொலைநிலையில் படிப்பவருக்கு எதிரே ஆசிரியர் இல்லை. உடன் பயிலும் தோழர்களும் இல்லை. தான் படித்ததை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கக் கேட்பவர் ஒருவரும் இல்லாததே அவருக்குப் பெருங்குறை. வேத பாடசாலையில் ஆசான் சொல்ல, மாணவர் திருப்பிச் சொல்லும் சந்தை முறையின் பலத்தை அறிந்தவர்கள், அக்குறையை நிறைவு செய்யலாம். பொருளாதாரமோ கணக்கியலோ பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இன்று என்ன படித்தாய், எனக்குப் புரியும்படி சொல் என்று கேட்டால் போதும். பிறருக்குப் புரியும்படி சொல்ல முற்படும்போதுதான், தனக்கு எது புரியவில்லை என்பது படிப்பவருக்குத் தெரியவரும்.

படிப்பவருக்கும் இதில் கடமை இருக்கிறது. காவல் நிற்பவரின் சிரமத்தை அவர் மறந்துவிடலாகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டிய நாளில் தேர்வைக் காரணம் காட்டித் தட்டிக் கழிப்பதும், படிப்பு முடியும் வரை வீட்டில் எவரோடும் பேசாதிருப்பதும் கௌசிகன் சென்ற வழியாகிவிடும். படிப்புக்கான நேரம் முடிந்ததும் நூலை மூடிவிட்டு, பெரியவர்கள் அருகில் கால் மணி நேரமாவது அமர்ந்து பேச வேண்டும். அந்தக் கால் மணி நேரம், தாங்கள் புறக்கணிக்கப்படவில்லை என்னும் நிம்மதியை முதியவர்களுக்கு அளிக்கும். வீட்டு வேலைகளில் கணவனும் சமபங்கு ஏற்றுக்கொண்டாலன்றி, படிக்கும் மனைவிக்கு இந்த நேரங்கள் எவையும் வாய்க்கா. மகனுக்கு இதனை எடுத்துச் சொல்லும் உரிமையும் தாய்க்கே உண்டு.

தவறியவர் மீண்டும் தொடங்கலாம்

எவ்வளவு திட்டமிட்டாலும் நோயோ, இடமாற்றமோ, துக்கமோ நேர்ந்து படிப்பு நின்றுபோவதுண்டு. அவர்களை நோக்கி, பணத்தை வீணாக்கினாயே என்று ஒரு சொல் எழுந்துவிட்டால், அந்நூல்கள் மீண்டும் பரணிலிருந்து இறங்கமாட்டா. சரஸ்வதி பூஜையன்று நூல்களை எல்லாம் அடுக்கிப் பூஜையில் வைத்து, அன்று படிக்காமல் விட்டு, மறுநாள் விஜயதசமியில் புனர்பூஜை செய்து எடுத்துப் படிப்பது நம் வழக்கம். மூடி வைப்பதும் மீண்டும் திறப்பதும் ஆகிய இரண்டுமே கல்வி வழிபாட்டின் அங்கங்கள். நின்றுபோன படிப்பை விஜயதசமியன்று மீண்டும் தொடங்கினால், டிசம்பர் தேர்வுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் இருக்கும். ஒரே ஒரு தாளையேனும் எழுத அது போதிய அவகாசம். திருவாரூர் மாவட்டம் பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூரில் கோயில் கொண்டிருக்கும் சரஸ்வதி தேவியின் சந்நிதியில் எழுதுகோலும் ஏடும் வைத்து வணங்கி வருவோர், அன்றைய தினமே ஒரு பக்கமாவது படித்துவிடுவது நலம்.

பெரியவர்களும் மாணாக்கர் ஆகலாம்

இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான படிப்புகளில் சேர உச்ச வயது வரம்பு இல்லை. பட்டம் வேண்டாதவர்களுக்கும் வாய்ப்பு இருக்கிறது. திருவாவடுதுறை ஆதீனம் பல ஊர்களில் மையங்கள் அமைத்து, சைவ சித்தாந்தத்தையும் பன்னிரு திருமுறைகளையும் முறையாகப் பயிற்றுவித்து வருகிறது. சின்மயா மிஷனைச் சார்ந்த நிறுவனம் வடமொழியையும் வேதாந்தத்தையும் வீட்டிலிருந்தே கற்க வழிசெய்கிறது. இளமையில் வேலையும் குடும்பமும் இடம்தராமையால் கற்க இயலாமற்போனதை, இப்போது கற்கலாம். ஒரே கூடத்தில் மருமகள் தன் பாடநூலோடும், மாமியார் திருமுறையோடும், பேத்தி தன் பள்ளிப் புத்தகத்தோடும் அமர்ந்துவிட்டால், அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு வேறு காவல் தேவைப்படாது.

அன்னதானம் உண்டவரின் பசியை ஒரு வேளைக்குத் தீர்க்கும். வித்யாதானம் வாழ்நாள் முழுதும் உடன் வரும் என்பார்கள். பாடம் சொல்லிக் கொடுப்பதே வித்யாதானம் என்று நினைத்து, தமக்கு அத்தகுதி இல்லையே என்று தயங்குவோர் உண்டு. படிப்பவருக்கு ஒரு மணி நேர அமைதியைத் தருவதும் அத்தானத்தில் சேர்ந்ததே. கலைவாணியின் திருவருளும், ஹயக்ரீவப் பெருமானின் கடாட்சமும், வீட்டுப் பெரியவர்களின் நல்லாசியும் இல்லத்திலிருந்து கற்கும் அனைவருக்கும் துணை நிற்பனவாக!